மெஷினை இணைத்தாச்சு, ஆபரேட்டரை என்ன செய்வது? பட்டறையிலும் கல்லூரியிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை வட்டாரத்தில் சிறு, நடுத்தரப் பட்டறைகளின் மெஷின்களில் சென்சார் பொருத்தி நெட்வொர்க்கில் இணைத்துத் தருவது என் வேலை. இடையிடையே பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் பேசக் கூப்பிடுவார்கள். முதலாளி, ஆபரேட்டர், மாணவர், ஆசிரியர் என்று நாலு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும். நடுநிலையான பதில் வேண்டுமென்றால் சப்ளையரின் கையேட்டைப் பாருங்கள், அதிலும் கிடைக்காது.

தொழில் 4.0, தொழில் 5.0 என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

2011-இல் ஜெர்மனியின் ஹானோவர் தொழிற்கண்காட்சியில்தான் 'இண்டஸ்ட்ரி 4.0' என்ற பெயர் வெளியுலகத்துக்கு வந்தது. நீராவி ஒன்று, மின்சாரம் இரண்டு, கம்ப்யூட்டரும் பிஎல்சியும் (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) மூன்று, மெஷின்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது நான்கு என்பது கணக்கு. இதில் பாதி பழைய சரக்குதான். மின்மீட்டரிலிருந்து ரீடிங் எடுக்க இன்றைக்கும் நாம் பயன்படுத்தும் மாட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறை 1979-இல் வந்தது.

5.0 என்பது 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட ஓர் அறிக்கையால் பரவலான பெயர். மனிதரை மையத்தில் வை, சுற்றுச்சூழலைக் கெடுக்காதே, கொரோனா மாதிரி அடி விழுந்தாலும் எழுந்து நிற்கும்படி தொழிலை அமை என்று மூன்று விஷயம் சொன்னார்கள். அதற்கென்று தனி மெஷினோ சாஃப்ட்வேரோ கிடையாது. 'இண்டஸ்ட்ரி 5.0 ரெடி' என்று யாராவது பெட்டி விற்க வந்தால், உள்ளே 4.0-வில் இல்லாத எது இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சுவாரசியமாக இருக்கும்.

எங்களிடம் இருப்பது பழைய மெஷின். நெட்வொர்க் போர்ட்டே இல்லை. இணைக்க முடியுமா?

முடியும். பெரும்பாலும் அப்படிப்பட்ட மெஷின்தான் எனக்கு வருகிறது.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சியாக இருந்தால் தலைக்கு மேல் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று டவர் லைட் இருக்கும். ஓடுகிறதா, நிற்கிறதா, அலாரமா என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. அந்த விளக்குக்குப் போகும் ஒயரிலிருந்து சிக்னல் எடுத்தால் போதும். ஆனால் அது பெரும்பாலும் 24 வோல்ட்; நாம் வைக்கும் ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டின் சிக்னல் பின் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவில் ஆப்டோ ஐசொலேட்டர் (இரண்டு பக்க மின்சாரத்தையும் பிரித்து, சிக்னலை ஒளியாகக் கடத்தும் பாகம்) போட மறந்தால் முதல் நாளே புகை. டவர் லைட்டும் இல்லாத பழைய லேத், டிரில்லிங் மெஷின் என்றால் மோட்டாருக்குப் போகும் ஒரு ஃபேஸ் ஒயரைச் சுற்றி கரன்ட் கிளாம்ப் மாட்டலாம். ஒயரை வெட்ட வேண்டியதில்லை. சும்மா சுற்றும்போது ஒரு ஆம்பியர், ஜாப் (செய்யப்படும் பாகம்) வெட்டும்போது வேறு ஆம்பியர். இந்த வித்தியாசமே பல கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும்.

பட்டறையில் ஒரு தொல்லை உண்டு. பக்கத்தில் வெல்டிங் செட் ஓடினால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் போட்ட மோட்டார் ஓடினால், சென்சார் ஒயரில் இரைச்சல் ஏறி ரீடிங் கன்னாபின்னாவென்று குதிக்கும். ஷீல்டு உள்ள கேபிள் போடுங்கள், பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள், எர்த்திங்கைச் சரிபாருங்கள். சாஃப்ட்வேரில் கோளாறு என்று என்னைக் கூப்பிட்ட பல இடங்களில் உண்மையான குற்றவாளி எர்த்திங்தான்.

செலவு எவ்வளவு ஆகும்?

போர்டு சில நூறு ரூபாய்தான். காசு போவது வேறிடத்தில்: பேனலைத் திறந்து ஒயரிங் செய்யும் எலக்ட்ரீஷியனின் கூலி, மெஷின் நிற்கும் நேரம், அப்புறம் மாதாமாதம் கேட்கும் சாஃப்ட்வேர் சந்தா. ஒப்பந்தம் போடும் முன்னால், சந்தாவை நிறுத்தினால் இதுவரை சேர்ந்த தரவை எக்செல் கோப்பாகத் தருவீர்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மழுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.

எல்லா மெஷினையும் ஒரேயடியாக இணைத்துவிடலாமா?

வேண்டாம். எந்த மெஷின் நின்றால் மற்ற வேலையெல்லாம் நிற்குமோ அந்த ஒன்றில் தொடங்குங்கள். அது எது என்று தெரியாவிட்டால் சூப்பர்வைசரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியும், இதுவரை யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஓஇஇ (மெஷின் மொத்தத்தில் எவ்வளவு பயனாக ஓடியது என்ற அளவு) என்று எல்லோரும் ஒரு எண்ணைச் சொல்கிறார்களே, அதை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடம். சாப்பாடு, டீ இடைவேளை 30 நிமிடம் போக 450. அதில் மெஷின் 90 நிமிடம் நின்றுபோனது என்றால் ஓடியது 360. 450-இல் 360, ஆக 80 சதவீதம் ஓட்டம். ஒரு ஜாப்புக்கு 2 நிமிடம் என்றால் 360 நிமிடத்தில் 180 வந்திருக்க வேண்டும், வந்தது 153. வேகம் 85 சதவீதம். அந்த 153-இல் 6 ரிஜெக்ட், நல்லது 147. தரம் 96 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் சுமார் 65 சதவீதம். இதுதான் ஓஇஇ.

இந்த எண்ணைப் பார்த்ததும் பெரும்பாலான முதலாளிகளுக்கு முகம் சுருங்கும். 'ஆள் வேலை செய்யவில்லை' என்றுதான் முதல் எண்ணம் போகும். கொஞ்சம் பொறுங்கள். அந்த 90 நிமிடம் எங்கே போனது? ஜாப் வெட்டும் கம்பியான ராடு வரவில்லை என்று 25 நிமிடம், முதல் ஜாப்பை இன்ஸ்பெக்ஷனில் வாங்கிப் பார்க்க ஆளில்லாமல் 20 நிமிடம், கரன்ட் போய் வந்ததில் 15, இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) உடைந்து மாற்ற 10, டிராயிங்கில் அளவு சந்தேகம் கேட்க 20. பட்டறைக்குப் பட்டறை பங்கு மாறும். இந்த உதாரணத்தில் ஆபரேட்டரின் கையில் இருந்தது அந்த இன்சர்ட் மாற்றிய பத்து நிமிடம் மட்டும்தான். மீதி எண்பதும் ஸ்டோர், இன்ஸ்பெக்ஷன், மின்வாரியம், ஆபீஸ் கணக்கு.

நின்ற நேரத்தை நொடி சுத்தமாகச் சென்சார் சொல்லும். ஏன் நின்றது என்பது மெஷின் முன்னால் நிற்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் இந்த ஏற்பாட்டில் விலைமதிப்புள்ள சென்சார் அந்த ஆபரேட்டர்தான். நான் சொல்ல வருவதெல்லாம் கிட்டத்தட்ட இதிலேயே அடங்கிவிடும். கீழே வரும் பதில்கள் இதன் விரிவு.

நின்ற காரணத்தைப் பதிவு செய்ய பட்டன் பெட்டி வைத்தோம். எல்லோரும் 'மற்றவை' பட்டனையே அழுத்துகிறார்கள். என்ன செய்வது?

முதலில் பட்டன்களை எண்ணுங்கள். பதினாறு காரணம் கொடுத்தால் யாரும் படித்துப் பார்க்க மாட்டார்கள். ஐந்தோ ஆறோ போதும். கிளவுஸ் போட்ட கையால் அழுத்தும் அளவுக்குப் பெரிதாக, தமிழில், மெஷின் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டச் ஸ்கிரீன் வைத்தால் கூலன்ட் எண்ணெய் படிந்து ஒரே வாரத்தில் வேலை செய்யாது.

அடுத்தது, காரணங்களின் பெயரை எழுதியவர் யார்? ஒரு பட்டறையில் ஆபீஸில் உட்கார்ந்து 'ஆபரேட்டர் தாமதம்' என்று ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். தன்மேல் தானே புகார் எழுதும் பட்டனை யார் அழுத்துவார்? இன்னொரு இடத்தில் ஓர் அண்ணன் என்னிடம், "பாத்ரூம் போனேன்னு ஒரு பட்டன் இல்லீங்களே, அதனாலதான் மற்றவை" என்றார். நியாயமான பேச்சு. அன்றிலிருந்து பட்டன் பெயர்களை மூன்று ஷிப்ட் ஆட்களையும் உட்காரவைத்து எழுதுகிறேன். 'ராடு இல்ல', 'டூல் மாத்தறேன்', 'அளவு பாக்கணும்', 'கரன்ட் இல்ல', 'மெஷின் ரிப்பேர்', 'சொந்த வேலை'. அவர்கள் பேசுகிற சொல்லிலேயே.

மூன்றாவதுதான் முக்கியம். 'ராடு இல்ல' என்று இன்றைக்கு அழுத்தியவருக்கு நாளைக்கு ராடு நேரத்தில் வந்து சேர வேண்டும். பட்டனை அழுத்தியும் ஒன்றும் மாறவில்லை என்றால் இரண்டாவது மாதம் பட்டன் மேல் தூசிதான் இருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இது ஆட்களைக் கண்காணிக்கத்தானே?

அப்படியும் பயன்படும். இல்லை என்று சொன்னால் அது பொய்.

நம் ஊர் ஸ்பின்னிங் மில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரிங் ஃப்ரேமில் (நூல் நூற்கும் மெஷின்) ஆயிரத்துக்கும் மேல் ஸ்பிண்டில் (நூலை முறுக்கிச் சுற்றும் தண்டு) இருக்கும். எங்கே நூல் அறுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே சைடர் (அந்த மெஷினைக் கவனிக்கும் தொழிலாளி) அந்த நீளம் முழுக்க நடந்து, அறுந்ததைப் பிடித்துச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். ஷிப்ட் முழுவதும் நடை. சேர்க்கும் வரை அந்தப் பஞ்சு உறிஞ்சு குழாய்க்குள் கழிவாகப் போய்க்கொண்டிருக்கும். இப்போது ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் ஒரு சென்சார் வைக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. நூல் அறுந்தால் மெஷினின் தலைப்பில் ஒரு விளக்கு, அந்தப் பகுதியில் ஒரு விளக்கு, அந்த ஸ்பிண்டிலிலேயே ஒரு குட்டி விளக்கு எரியும். சைடர் நேராக அங்கே போனால் போதும். வெறும் நடை குறைகிறது, கழிவும் குறைகிறது.

அதே தரவை வைத்து 'இன்று யார் எத்தனை நொடியில் நூல் சேர்த்தார்' என்று பட்டியல் போட்டு, கடைசியில் வந்த பெண்ணை மேஸ்திரியை விட்டுத் திட்டவைக்கவும் முடியும். சென்சார் ஒன்றுதான், ஒயரும் ஒன்றுதான். தகவல் முதலில் யார் கண்ணில் படுகிறது, அதை வைத்து எதைச் செய்ய அனுமதி என்பதில்தான் இது உதவியா வேவா என்பது இருக்கிறது.

ஜெர்மனியில் இதை முதலாளியின் நல்ல மனசுக்கு விட்டுவிடவில்லை. 1972-ஆம் ஆண்டின் நிறுவன அமைப்புச் சட்டப்படி, ஊழியரின் நடத்தையையோ வேலைத்திறனையோ கண்காணிக்கத்தக்க எந்தக் கருவியைப் புகுத்துவதற்கும் தொழிலாளர் குழுவின் ஒப்புதல் வேண்டும். நம் நாட்டில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வேலை சார்ந்த பயன்பாட்டுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே பட்டறையிலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்கிறேன்: எது பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்போம், சம்பளப் பிடித்தத்துக்குப் பயன்படுத்த மாட்டோம். கடைசி வரிக்குக் கையெழுத்துப் போட முதலாளி தயங்கினால் அந்த வேலையை நான் எடுப்பதில்லை. கொள்கை கொஞ்சம், வியாபாரம் கொஞ்சம். அந்த மாதிரி இடத்தில் சென்சார் அடிக்கடி 'தானாகவே' பழுதாகும், பழி என்மேல் விழும்.

டிஸ்ப்ளே டிவியை எங்கே மாட்டுவது?

ஷாப் ஃப்ளோரில். முதலாளி ரூமில் மாட்டினால் அவருக்கு பிபி ஏறுவதைத் தவிர வேறு பலன் இல்லை.

இதனால் வேலை போகுமா?

மெஷினைக் கண்காணிக்கும் ஏற்பாட்டால் நேரடியாக ஆள் குறைந்து நான் பார்த்ததில்லை. ஆனால் லாக்புக்கைப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை போய்விடும். ஜாப்பை ஏற்றி இறக்குவது, கண்ணால் பார்த்து ரிஜெக்ட் பிரிப்பது போன்றவற்றுக்கு ரோபோவும் கேமராவும் வரும்போது அந்த இடங்களும் சுருங்கும். அதை மூடி மறைப்பதில் அர்த்தமில்லை.

மிச்சமிருக்கும் வேலை சுலபமாகிவிடும் என்று நினைப்பதுதான் தப்பு. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1983-லேயே இதை எழுதிவிட்டார். சுலபமான வேலைகளை எல்லாம் மெஷின் எடுத்துக்கொள்ளும், மெஷினால் முடியாத சிக்கலான நேரத்தில் மட்டும் மனிதரைக் கூப்பிடும். ஆனால் நாள்தோறும் கை வைக்காததால் அவருடைய திறமை மங்கியிருக்கும். ஆட்டோ லோடர் வைத்த சிஎன்சியில் வேலைக்குச் சேர்ந்த பையனிடம் ஒரு நாள் ஆஃப்செட் போட்டு (டூலின் இடத்தைத் திருத்தி) அளவைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள், புரியும். தானியங்கி ஏற்பாடு உள்ள இடத்தில் பயிற்சி கூட வேண்டும். பல முதலாளிகள் பயிற்சியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

கோபாட் (ஆளோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோ கை) என்றால் வேலி இல்லாமலே ஆள் பக்கத்தில் வைக்கலாமாமே?

கோபாட்டின் கை பாதுகாப்பானதாக இருக்கலாம். அதன் முனையில் நீங்கள் மாட்டுவது பிளேடோ சுட்ட வார்ப்போ என்றால்? மனித உடம்பின் எந்தப் பகுதி எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதற்கு ஐஎஸ்ஓ 2016-இல் தனி ஆவணமே வெளியிட்டது. முழு ஏற்பாட்டையும் வைத்து ஆபத்தைக் கணக்கிட்ட பிறகுதான் வேலியை எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சு.

'மனிதரை மையமாக வைத்த தொழில்நுட்பம்' என்பது புது ஃபேஷனா?

பழசு. இரண்டு கதை சொல்கிறேன்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களை டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்டும், முன்பு சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பாம்ஃபோர்த்தும் ஆராய்ந்து 1951-இல் எழுதினார்கள். அதற்கு முன்னால் இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு, வெட்டுவதிலிருந்து ஏற்றுவது வரை தானே முடிவெடுத்துச் செய்துவந்தது. மெஷின் வந்ததும் வேலையைத் துண்டு துண்டாக்கி, ஷிப்டுக்கு ஒரு துண்டு என்று பிரித்தார்கள். ஒரு ஷிப்ட் சொதப்பினால் அடுத்த ஷிப்ட் மாட்டிக்கொள்ளும். மெஷின் நல்லதுதான், ஆனால் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. ஆட்கள் வராமல் போவது கூடியது. கருவியையும் வேலை செய்கிறவர்களின் உறவையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும் என்ற துறையே அங்கிருந்து கிளம்பியது. நம் பட்டறைகளில் நைட் ஷிப்ட்காரர் செட்டிங்கை மாற்றிவிட்டுச் சொல்லாமல் போகிறாரே, அதே கதைதான்.

இரண்டாவது, பிரிட்டனின் விமானப் பாகக் கம்பெனி லூகாஸ் ஏரோஸ்பேஸ். ஆட்குறைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் தொழிலாளர்களே உட்கார்ந்து, நம் கையிலிருக்கும் திறமையை வைத்து வேறென்ன செய்யலாம் என்று 1976-இல் ஒரு திட்டம் போட்டார்கள். வெப்பப் பம்பு, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி, நடக்க முடியாத குழந்தைகளுக்கான சின்ன வண்டி என்று நிறைய யோசனை. நிர்வாகம் ஏற்கவில்லை. அதில் முன்னின்ற பொறியாளர் மைக் கூலியை 1981-இல் வேலையை விட்டே அனுப்பினார்கள். அதே வருஷம் அவருக்கு 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. கம்ப்யூட்டர் டிசைனுக்கு எதிரானவர் அல்ல அவர். தொழிலாளியின் கைத்திறனை வளர்க்கிற மாதிரி அதைச் செய், பிடுங்கிக்கொள்கிற மாதிரி செய்யாதே என்பதுதான் அவர் சண்டை.

மெஷினை நெட்வொர்க்கில் போட்டால் ஹேக் செய்துவிடுவார்களா?

செய்யலாம். அடிப்படை மூன்று: மெஷின் நெட்வொர்க்கையும் ஆபீஸ் வைஃபையையும் தனித்தனியாகப் பிரியுங்கள், ரூட்டரோடு கம்பெனியிலிருந்தே வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள், மெஷினிலிருந்து படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள், எழுத வேண்டாம். சர்வீஸ்காரர் வசதிக்காகத் திறந்துவைத்த ரிமோட் வழியை மூட மறப்பதுதான் நம்மூரில் பெரிய ஓட்டை.

2019 மார்ச்சில் நார்வேயின் அலுமினியக் கம்பெனி நார்ஸ்க் ஹைட்ரோவை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் சாஃப்ட்வேர்) தாக்கியது. அவர்கள் பணம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். பல ஆலைகளைக் கையால் ஓட்டினார்கள். காகிதத்தில் ஆர்டர் எழுதி, பழைய முறை தெரிந்த ஓய்வுபெற்றவர்கள்கூட உதவிக்கு வந்ததாகச் செய்திகள் வந்தன. எல்லாம் அணைந்துபோனால் உங்கள் பட்டறையில் யாருக்குக் கையால் ஓட்டத் தெரியும்? அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான், அவருக்கும் 58 வயது என்றால் அதுதான் உங்கள் பெரிய ஆபத்து.

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. பைதான் கற்றுக்கொண்டால் இந்தத் துறையில் வேலை கிடைக்குமா?

பைதான் வேண்டும், அது மட்டும் போதாது. நேர்காணலுக்கு வருகிற பையன்களில் பலருக்கு ப்ரோக்ராம் எழுத வருகிறது. மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தால் எந்த ஓட்டையில் எந்த ஒயர் என்று தெரியவில்லை.

ஒரு சின்னப் பயிற்சி சொல்கிறேன். 1440 ஆர்பிஎம் மோட்டாரில் 6205 பேரிங் இருக்கிறது. அதில் 9 குண்டு. வெளி வளையத்தில் கீறல் விழுந்தால் எந்த அலைவெண்ணில் அதிர்வு கூடும்? தோராயச் சூத்திரம்: குண்டுகளின் எண்ணிக்கை, நொடிக்கு எத்தனை சுற்று, 0.4 இவை மூன்றின் பெருக்கல். நொடிக்கு 24 சுற்று. ஆக 9 × 24 × 0.4, ஏறத்தாழ 86 ஹெர்ட்ஸ். இதைத் தெரிந்தவன் சென்சார் தரவில் எங்கே பார்க்க வேண்டும் என்று அறிவான். தெரியாதவன் எல்லா எண்களையும் ஏதோ ஒரு ஏஐ மாடலில் கொட்டிவிட்டு, 98 சதவீதத் துல்லியம் என்று ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுதுவான். பேரிங் சூத்திரம் உங்கள் இரண்டாம் ஆண்டுப் பாடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான், போய்ப் பாருங்கள்.

அப்புறம், ஒரு முழு ஷிப்ட் ஆபரேட்டர் பக்கத்தில் நில்லுங்கள். போன் பார்க்காமல். மெஷின் நிற்கும்போதெல்லாம் அவர் முதலில் எதைத் தொடுகிறார், எதைக் காது கொடுத்துக் கேட்கிறார், யாரைக் கூப்பிடுகிறார் என்று எழுதுங்கள். நீங்கள் செய்யப்போகும் ப்ராஜெக்டின் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

நான் ஐடிஐ. டிகிரிக்காரர்களோடு போட்டி போட முடியுமா?

இந்த வேலையில் உங்கள் கை ஓங்கிய கை. பேனலைத் திறக்கப் பயப்படாத ஆள்தான் தேவை. தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜீஸோடு 2022-இல் ஒப்பந்தம் போட்டு 71 அரசு ஐடிஐக்களை, சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில், தொழில் 4.0 தரத்துக்கு மாற்ற முனைந்தது. உங்கள் ஐடிஐ அதில் இருந்தால் ரோபோ, சிஎன்சி எல்லாம் தொட்டுப் பார்க்க வாய்ப்பு. எலக்ட்ரீஷியன், மெக்கட்ரானிக்ஸ் படித்தவர்கள் அடிப்படை நெட்வொர்க்கிங்கைச் சேர்த்துக் கற்றுக்கொண்டால் போதும். அதற்கு மேல் ஆங்கிலம் பயமுறுத்தும். மேனுவலைப் படம் பார்த்துப் படிக்கத் தொடங்குங்கள், அப்படித்தான் எல்லோரும் தொடங்கினார்கள்.

நான் பொறியியல் கல்லூரி ஆசிரியர். 'இண்டஸ்ட்ரி 4.0 லேப்' அமைக்க நிதி வந்திருக்கிறது. என்ன வாங்கலாம்?

ஆயத்தமாக வரும் செட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டிக் கன்வேயர், குட்டி ரோபோ, எல்லாம் சுத்தமாக, ஒரு தடவைகூடத் தப்பாமல் ஓடும். மாணவர்கள் பட்டனை அழுத்திப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதுவார்கள். பழுதாகாத மெஷினிலிருந்து என்ன கற்பது? நிதியில் ஒரு பங்கை எடுத்து இரண்டு பழைய லேத், ஒரு பழைய பம்பு, சில கரன்ட் கிளாம்ப், அதிர்வு சென்சார், ஒரு மூட்டை போர்டு வாங்குங்கள். பேரிங்கைக் கெடுத்துப் பொருத்திக் கொடுங்கள். அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

பட்டறையும் வகுப்பும் ஒரே சுவருக்குள் இருக்க வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல. கோவையில் பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் முதலில் இருந்தது; 1951-இல் பொறியியல் கல்லூரி அதன் வளாகத்திலேதான் தொடங்கியது. டென்மார்க்கின் ஆல்போர் பல்கலைக்கழகம் 1974-இல் தொடங்கிய நாளிலிருந்து குழு ப்ராஜெக்டைச் சுற்றியே பாடத்தை அமைத்திருக்கிறது. ஜெர்மனியில் 2018-இல் உலோக, மின் தொழில் பயிற்சிகளைத் திருத்தியபோது தரவுப் பாதுகாப்பையும் தகவல் பாதுகாப்பையும் கட்டாயப் பகுதியாகச் சேர்த்தார்கள். பதினேழு வயதுப் பையனுக்கே அது பாடம். நம் ஊரில் ஐஓடி (பொருள்களை இணையத்தில் இணைப்பது) எலெக்டிவ் நடத்தும் பல இடங்களில், எடுக்கப்படும் தரவு யாருடையது என்ற கேள்வி ஒரு வகுப்புகூடப் பெறுவதில்லை.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு யோசனை: கடைசி ரிவ்யூவுக்கு ஓர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். ஒரு மாணவர் குழு, டூல் தேய்மானத்தைக் காட்டும் அழகான மொபைல் ஆப் செய்திருந்தது. ஆபரேட்டரிடம் காட்டினார்கள். அவர் கை முழுக்க கூலன்ட், மொபைலை ஷாப் ஃப்ளோருக்குள் கொண்டுவர அனுமதியும் இல்லை. "தம்பி, லைட்டு ஒண்ணு எரிஞ்சா போதும்பா" என்றார். ஆப் போனது, கதவுக்கு மேலே ஓர் ஆரஞ்சு விளக்கு வந்தது. அந்த விளக்கு இன்றைக்கும் வேலை செய்கிறது. ஆனால் ஆரஞ்சு விளக்குக்கு எத்தனை மார்க் போடுவது என்று நம் ரிவ்யூ கமிட்டிக்குத் தெரியாது.

பட்டறைகள் மாணவர்களை உள்ளே விடுவதில்லையே?

'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்று அறுபது பேரைப் பஸ்ஸில் கூட்டிப்போனால் யார்தான் விடுவார்கள்? மூன்று பேர் போங்கள். சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு, துப்பட்டாவும் தளர்ந்த சட்டையும் இல்லாமல் போங்கள். 'ப்ராஜெக்ட் செய்ய வந்தோம்' என்பதற்குப் பதிலாக 'உங்களுக்கு அடிக்கடி நிற்கிற மெஷின் எதுங்க' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு டீ கிடைக்காத பட்டறை கோவையில் இல்லை. நான் முதல்வன் திட்டம் வந்த 2022-க்குப் பிறகு கல்லூரிகளும் தொழில் தொடர்பு பற்றி நிறையப் பேசுகின்றன. கல்லூரியின் கடிதம் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள், ஹெச்ஆர் உள்ள கம்பெனியாக இருந்தால் உதவும்.

ஏஐ வைத்தால் மெஷின் எப்போது கெடும் என்று முன்கூட்டியே சொல்லுமாமே?

சில பாகங்களுக்கு, போதுமான பழைய பழுதுகளின் பதிவு இருந்தால், ஓரளவு. உங்கள் பட்டறையில் போன வருஷம் என்னென்ன பழுதானது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லை என்றால் ஏஐக்கு ஊட்ட ஒன்றுமில்லை. ஒரு வருஷம் பதிவு செய்யுங்கள், அப்புறம் பேசலாம்.

இன்டர்நெட் போனால், கரன்ட் போனால் எல்லாம் நின்றுவிடுமா?

சரியாகச் செய்திருந்தால் நிற்காது. தகவல் அனுப்ப நாம் பயன்படுத்தும் எம்க்யூடிடி முறையே, 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க, பலவீனமான இணைப்பை மனதில் வைத்துச் செய்ததுதான். தரவு முதலில் பட்டறைக்குள்ளேயே உள்ள கேட்வேயில் (தரவைச் சேர்த்து வெளியே அனுப்பும் சின்னக் கம்ப்யூட்டர்) சேர வேண்டும். இணைப்பு வந்ததும் வெளியே போகட்டும். கேட்வேக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம். மெமரி கார்டில் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர்கள் திடீரென்று கரன்ட் போனால் கார்டைக் கெடுத்துக்கொள்ளும், அப்புறம் பூட் ஆகாது. அதனால் தயாராக நகல் எடுத்த கார்டு ஒன்றை பேனல் கதவுக்குள் டேப் போட்டு ஒட்டி வைத்துவிடுங்கள். எப்படி மாற்றுவது என்று நைட் ஷிப்ட் எலக்ட்ரீஷியனுக்கும் காட்டிக் கொடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவர்தான் இருப்பார், நான் போனை எடுக்க மாட்டேன்.